விட்டுப்போன ஒரு வாக்கியம்

கல்லூரியில் அவளுக்குப் பட்டப்பெயர் புள்ளிவிவரம். பசிக்கிறதா என்று கேட்டாலும் சதவீதத்தில்தான் பதில் சொல்வாள். ஆனர்ஸ் வகுப்பில் சேர்ந்த பதினாறு பேரில் ஒன்பது பேர் பாடச்சுமை தாங்காமல் சாதாரண வகுப்புக்கே திரும்பிவிட்டார்கள். இவள் உடும்புப்பிடியாக நின்று, குழாய்க் கசிவில் வீணாகும் தண்ணீரைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி முடித்தாள். அதை அனுப்பித்தான் வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்க விண்ணப்பித்தாள். ஒரே ஓர் இடம், வீடியோவில் நேர்காணல்.

அவள் அப்பா பிளம்பர். கட்டுரையில் பாதி அவர் சொன்னது. அதனால், சத்தம் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு கேமராவில் படாமல் பக்கத்தில் உட்கார அவருக்கு அனுமதி கிடைத்தது.

அந்த நாட்டுப் பேராசிரியை தன் வீட்டுச் சமையலறையிலிருந்து பேசினார். அவருக்குப் பின்னால் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று கேள்வி வரை அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். நான்காவதில் திரைக்குள் தலையை நீட்டிவிட்டார்.

"வாஷர் தேஞ்சுபோச்சு, அஞ்சு நிமிஷ வேலைன்னு சொல்லும்மா."

அவளுக்கு மானம் போயிற்று. வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தாள். பேராசிரியையோ உற்சாகமாக ஒரு ஸ்பேனரை எடுத்துவந்து, அடுத்து என்ன என்று கேட்டார்.

"முதல்ல மெயின் வால்வை மூடச் சொல்லு. அப்புறம் மேல்மூடியை இடப்பக்கமா திருகணும்."

சீக்கிரம் முடிந்தால் போதுமென்ற அவசரத்தில் அவள் இரண்டாவது வாக்கியத்தை மட்டும் சொன்னாள். திருகிய கையோடு தண்ணீர் கூரை வரை பீய்ச்சியது. ஓர் அலறல் கேட்டது, திரை இருண்டது.

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்பாவோ சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, படித்தவர்களுக்கு மெயின் வால்வு எதுவென்றே தெரியவில்லை, பாவம் என்று வருத்தப்பட்டார். மகளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் நேர்காணல் தொடர்ந்தது. இந்தமுறை பேராசிரியை அலுவலகத்தில் இருந்தார். கடைசியாக, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டார். அவள், அப்பா சரியாகத்தான் சொன்னார், அதில் ஒரு வாக்கியத்தை விட்டது நான்தான் என்றாள். பேராசிரியை ஒரு தாளை எடுத்தார். விட்டுப்போன வாக்கியம் எதுவென்று கேட்டு எழுதிக்கொண்டார்.

மறுவாரம் கடிதம் வந்தது. இடம் அவளுக்குத்தான். கட்டுரைக்காகக் கொடுத்தார்களா, உண்மையைச் சொன்னதற்காகவா என்று கடிதத்தில் இல்லை.

அப்பாவிடம் கடிதத்தைக் காட்டிய கையோடு வாக்கியத்தை விட்ட விஷயத்தையும் சொன்னாள். அவர் முகம் சிறுத்துப்போயிற்று.

"அப்போ அந்தம்மா என்னை அரைகுறைன்னு நெனச்சிருப்பாங்களே?"

"இல்லப்பா. தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன்."

"வால்வைச் சொன்னியா?"

"சொன்னேன்."

அவர் உடனே தன் அக்காவுக்குப் போன் செய்தார். தான் சொன்னது சரிதான், மொழிபெயர்ப்பில்தான் கோளாறு என்று கால்மணி நேரம் விளக்கிவிட்டு வைத்தார்.

"பொண்ணு வெளிநாடு போறதைச் சொன்னீங்களா?" என்றாள் அம்மா.

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி எண்ணை அழுத்தினார்.