இருபத்தெட்டு நிமிடம்

வியாழக்கிழமை பகல் ஒன்று நாற்பது. பள்ளிக்கூடம் விட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. கணினி அறையில் யூஜினா டீச்சர் மட்டும் இருந்தாள்.

திறந்த சாவி அவளுடையதல்ல. திங்கட்கிழமை வரை அவளுடையதாக இருந்தது. ஒன்பது வருடம் அவள் கைப்பையில் கிடந்த சாவி.

லிந்துலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு கணினி. அதற்குள் எதையும் வைப்பதில்லை. இரண்டு தடவை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. பென்டிரைவில் வைரஸ் வந்த பிறகு பள்ளி அதிபர் அதைச் செருகும் துளைகளையும் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிட்டார். மூடுபனி இறங்கினால் சிக்னல் இல்லை. ஆகவே புள்ளிகள், வரவு, கடிதங்கள் எல்லாம் அழித்து அழித்து எழுதும் சீடிகளில் இருந்தன. யூஜினா செய்த ஏற்பாடு. இரண்டு சீடி. ஒன்றில் கியூடெக்ஸ் நகப்பூச்சால் வைத்த சிவப்புப் பொட்டு, மற்றதில் பச்சை. அன்றன்றைய வேலை சிவப்பில். வெள்ளிதோறும் பச்சையை அழித்து, சிவப்பில் இருப்பதைப் படியெடுத்து, அதிபரின் அலுமாரியில் பூட்டுவாள்.

சட்டென்று அழித்தால் ஒரு நிமிடம். முழுசாக அழித்தால் இருபத்தெட்டு. யூஜினா எப்போதும் முழுசாகத்தான் அழிப்பாள்.

தை மாதம் புதிதாக வந்த நிஷாந்தி டீச்சர் அதைக் கேட்டுச் சிரித்தாள்.

"இருபத்தெட்டு நிமிஷமா? அதுக்குள்ள தலவாக்கலைக்குப் போயி ரொட்டி தின்னுட்டு வந்துருவேன் அக்கா."

"சட்டுனு அழிச்சா மேல இருக்க பேரு மட்டுந்தான் போகும். உள்ள எல்லாம் அப்படியே கெடக்கும். கூட்டாத வாசல்ல கோலம் போடுவியா?"

"வேதக்காரங்க நீங்க, எனக்குக் கோலம் சொல்லித் தர்றீங்களாக்கும்!"

அன்றைக்கு யூஜினாவும் சிரித்தாள்.

போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் நிஷாந்தி தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கினாள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் நாற்பத்தொரு பேர். ஆஸ்பத்திரித் துண்டு, ஞானஸ்நான அட்டை, தகப்பனின் தோட்டப் பதிவு, எது கிடைத்தாலும் வாங்கி வந்து ஸ்கேன் பண்ணிச் சிவப்புச் சீடியில் ஏற்றினாள். காகிதங்களை உடனே திருப்பிக் கொடுத்தாள். அடுத்த செவ்வாய் லிந்துலையில் பிறப்புப் பதிவுக்கு நடமாடும் சேவை. எல்லாவற்றையும் அச்செடுத்து அங்கே கொண்டுபோக வேண்டும்.

திங்கள் காலைக் கூட்டத்தில் அதிபர் சிவசாமி சொன்னார்: "ஒம்பது வருஷமா இந்தக் கொம்பியூட்டர் இருக்கு. இப்பதான் அதால புள்ளைகளுக்கு ஒரு பிரயோசனம்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். யூஜினாவும் தட்டினாள். முன்வரிசையில் நின்ற அவள் மகள் எல்லோருக்கும் பிறகுதான் நிறுத்தினாள்.

"சாவி நிஷாந்திக்கிட்ட இருக்கட்டும் டீச்சர். ஒங்களுக்கும் பாரம் கொறையும்ல," என்றார் அதிபர்.

நிஷாந்தி அதில் ரோஸ் ரிப்பன் கட்டினாள்.

இன்றைக்கு அதை ஆசிரியர் அறை ஆணியில் மாட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடியிருந்தாள். யூஜினா ஒரு நாளும் அப்படி விட்டுப் போனதில்லை.

பார்க்கத்தான் வந்தாள். ஒரு பிழை கிடைத்தால் போதும். சிவப்புச் சீடியைப் போட்டாள். நாற்பத்தொரு பெயர்கள், அகர வரிசையில். ஒவ்வொன்றையும் திறந்தாள். ஒரு பிழை இல்லை. கடைசியில் ஒரு கோப்புறை. அவளுடைய ஒன்பது வருட வேலை முழுவதும் அதற்குள் இருந்தது. நிஷாந்தி அதற்கு வைத்த பெயர்: பழையது.

பழையது பச்சையிலும் இருக்கிறது. நாற்பத்தொன்று பச்சையில் இல்லை. நாளைக்குத்தான் வெள்ளி.

அழி என்று கொடுத்தாள். எப்படி அழிக்க என்று கணினி கேட்டது. கை தானாகப் போனது. பிறகு சிவப்பு மையால் ஏழாம் வகுப்புக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணினியின் சிறு விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் நிஷாந்தி அழுதாள். அதிபர் கத்தினார்.

"சாவிய ஆணியில மாட்டிட்டுப் போற ஆளா நீ? பஸ்ஸா முக்கியம்?"

"நாந்தான் தவறி அழிச்சிட்டேன் போல சேர்."

"பாவம் சேர், சின்னப் புள்ள," என்றாள் யூஜினா.

சாவி அவளிடம் வந்தது. ரிப்பனை அவிழ்த்துக் குப்பையில் போட்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு தடவை கைப்பைக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

திங்கட்கிழமை நிஷாந்தி கணினி அறை வாசலில் வந்து நின்றாள். செருப்பெல்லாம் சேறு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழையோடு லயங்களுக்கு மறுபடி போயிருந்தாள். இருபத்தாறு பேருடைய காகிதம்தான் கிடைத்தது. மற்ற வீடுகள் பூட்டிக் கிடந்தன. கையில் சிவப்புப் பொட்டு வைத்த சீடி இருந்தது.

"இத அட்டன் டவுனுக்குக் குடுத்துவிட்டேன் அக்கா. மாமா மகன் தர்ஷன் அங்க கொம்பியூட்டர் கடையில இருக்கான்."

யூஜினா கொப்பியிலிருந்து நிமிரவில்லை. "என்னவாம்?"

"சட்டுனு அழிச்சிருந்தா எல்லாத்தையும் மீட்டுத் தந்துருப்பானாம். இதுல ஒண்ணுமே இல்லங்குறான். முழுசா அழிச்சிருக்காம்."

மூடுபனி வாசல் வரை வந்திருந்தது. நிஷாந்தி சீடியை மேசையில், கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் ஒரு நாளும் முழுசா அழிச்சதில்லயே அக்கா. இருபத்தெட்டு நிமிஷம் இங்க ஒக்காந்திருந்தது யாரு?"