விளக்குக்காரியின் கை

அந்தப் பெண் உள்ளே வந்தபோது நான் டீ பாய்லரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஞாயிறு மதியம் இரண்டு மணி. எங்கள் கூட்டம் மூன்றுக்குத்தான். சனிக்கிழமை ஒளிபரப்பாகும் ‘விண்துறை’ தொடரை மறுநாள் உட்கார்ந்து அலசுகிற கூட்டம். இங்கிலாந்தின் ஹல் நகரத்தில், எங்கள் மெதடிஸ்ட் தேவாலயத்தின் பின்னறையில், மூன்று வருடமாக நடக்கிறது. பதினான்கு பேர். பாதிப் பேர் காலை ஆராதனைக்கு வராதவர்கள், இதற்குத் தவறியதில்லை.

“நெவில் ஸ்டாதர் யாரு?”

“நான்தாங்க. உக்காருங்க, டீ போடறேன்.”

“டீ குடிக்க வரல. எங்கம்மா கைய வச்சு எழுதித் தள்ளியிருக்கீங்களே, அதக் கேக்க வந்தேன்.”

தொடரில் விளக்குக்காரி என்று ஒருத்தி வருவாள். வாரத்துக்கு ஒரே ஒரு முறை. சாம்பல் நிற முக்காடு, முகம் தெரியாது, பேசமாட்டாள். விண்கலங்கள் வந்து நிற்கும் துறையின் விளிம்பில் ஒரு கண்ணாடி விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நடிகையின் பெயரைக்கூடப் போடமாட்டார்கள். அவள் யார் என்பதில்தான் எங்கள் சண்டையெல்லாம். எதிர்காலத்திலிருந்து திரும்பி வந்த கேப்டனின் மகள் என்பான் எங்கள் தலைவன் மாரிஸ். அவள் மனுஷியே இல்லை, எந்திரம் என்பது என் கட்சி.

என்னிடம் ஆதாரம் இருந்தது. இந்த வருடம் அவள் கையில் விளக்கு நடுங்கத் தொடங்கியது. என் அப்பா கப்பலில் தந்தி அடித்தவர். புள்ளியும் கோடும் எனக்குச் சின்ன வயதிலேயே பாடம். நடுக்கங்களைக் குறில் நெடிலாகப் பிரித்தேன். பஸ் ஓட்டிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம், இரண்டு மாதம். ‘இன்னும் வேளை வரவில்லை’ என்று செய்தி வந்தது. ரசிகர்களின் இணையதளத்தில் போட்டேன். அறுபதாயிரம் பேர் படித்தார்கள். ஓயாமல் நடுங்கும் கையிலிருந்து எந்தச் செய்தியை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“அது வியாதி” என்றாள் அவள். பெயர் ரோவீனா. “போன வருஷம்தான் தெரிஞ்சது. அம்மா யார்கிட்டயும் சொல்லல. கடைசிக் காட்சி வர்ற வியாழக்கிழமை எடுக்கறாங்க. உங்க புண்ணியத்துல பத்திரிகைக்காரன் ஒருத்தன் டைரக்டருக்கு ஃபோன் பண்ணியிருக்கான், அந்தக் கை என்ன சொல்லுதுன்னு. இது வரைக்கும் யாரும் கைய உத்துப் பாக்கல. இனிமே பாப்பாங்க. முகம் தெரியாத வேஷம். முக்காட்ட வேற யாருக்காவது போட்டுவிட எவ்வளவு நேரம் ஆகும்?”

“எனக்கு எப்படிம்மா தெரியும்...”

“நடுங்கற கையப் பாத்தா மனுஷனுக்கு முதல்ல என்ன தோணும்? உங்க வீட்ல யாருக்கும் வயசாகலையா? அறுபதாயிரம் பேர் பாத்தீங்க. ஒருத்தருக்காவது ‘ஐயோ பாவம், என்னாச்சு’ன்னு தோணல.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தேடி வந்து திட்டுகிறாளே என்று. அந்தக் கோபத்துக்கு ஆயுள் அரை நிமிஷம். பிறகு அது என் பக்கமே திரும்பிக்கொண்டது. இன்றுவரை முழுதாகப் போகவில்லை.

“எடுத்துடறேன்” என்றேன்.

“காரணம் சொல்லக் கூடாது. அம்மா தானா சொல்ற வரைக்கும் அது அவங்களோடது.”

போய்விட்டாள். பாய்லரில் தண்ணீர் அப்போதுதான் கொதிக்கத் தொடங்கியது.

சிக்கல் எங்கள் நீலப் புத்தகத்தில் இருந்தது. ஊகம் சொல்கிறவர் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திரும்பப் பெற வேண்டுமானால் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள், அந்த வருடத் தொடர் முடியும்வரை கூட்டத்துக்கு வரக் கூடாது. மாரிஸ் ஒரு முறை தன் பழைய ஊகத்தைச் சத்தமில்லாமல் கிழித்துப்போட்டபோது, மேஜையைத் தட்டி அந்த விதியைக் கொண்டுவந்தவன் நானேதான்.

மூன்று மணிக்கு எழுந்து நின்றேன். “என் ஊகம் தப்பு. அது தந்தி இல்ல. எடுத்துடறேன்.”

“தப்பா?” என்றாள் பெட்டுலா. “கேக் மேல உன் புள்ளி கோடெல்லாம் க்ரீம்ல போட்டுக் கொண்டாந்திருக்கேன், நெவில்.”

“பஸ்ஸ ரிவர்ஸ் எடுக்கறான்” என்றான் மாரிஸ். “கண்ணாடியப் பாத்துட்டு எடுறா. பின்னால அறுபதாயிரம் பேர் நிக்கறாங்க.”

எல்லாரும் சிரித்தார்கள்.

“காரணத்தச் சொல்லு” என்றான் மாரிஸ்.

“காரணம் கிடையாது.”

“ரெண்டு மாசமா எங்க உயிர எடுத்த. போன வாரம் என்னை முட்டாள்னு சொன்ன, இதே நாற்காலில உக்காந்து. இன்னிக்குக் காரணம் கிடையாதா?”

ரத்தம் காதுவரை ஏறியது. ஒரு வாக்கியம் போதும், அந்த அறையே அடங்கிவிடும். மாரிஸின் முகம் தொங்கிப்போகும். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். அன்று காலைதான் அவர் முன் முழங்காலிட்டிருந்தேன். பொய் சொல்லக் கூடாது. ஆனால் எல்லா உண்மையும் நம்முடைய சொத்தும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

மாரிஸ் அளவுகோல் வைத்து என் பேரை அடித்தான். பெட்டுலா கேக்கை வெட்டவில்லை. என் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். கதவை அறைந்து சாத்தினேன். அதற்காகப் பிறகு மன்னிப்புக் கேட்டு ஜெபித்தேன். இணையதளத்திலும் ‘தப்பு’ என்ற ஒரே சொல்லை எழுதிவிட்டுப் பழையதை எடுத்தேன். நான்கு நாள் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, சனிக்கிழமை மாலை, கடைசிப் பகுதி வந்தது. தனியாக உட்கார்ந்து பார்த்தேன். கதை என்னவென்று மனத்தில் பதியவில்லை. அந்தக் கைக்காகக் காத்திருந்தேன். துறையின் விளிம்பு, முக்காடு, விளக்கு. அவள் அதை மெல்ல உயர்த்தினாள்.

விளக்கு நடுங்கியது. முன்னைவிட மோசமாக.

வேறு ஆளைப் போடவில்லை. ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன்.

பத்து நிமிஷத்தில் இணையதளத்தில் ஒருவன் எழுதினான்: ‘ஸ்டாதர் சொன்னது சரிதான். கையப் பாருங்க, எண்ணுங்க.’ அதற்குக் கீழே உடனே இன்னொரு வரி வந்தது. மாரிஸ்.

‘துறை ஓரம்னா காத்து அடிக்காதா? கைய விடுங்க. வெளிச்சம் யார் மேல விழுதுன்னு பாருங்க.’

வெளிச்சம் கேப்டன் மேல் விழுந்திருந்தது. அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் அங்கே பாய்ந்தது. கையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

தொடர் முடிந்தது, தடையும் முடிந்தது. ஞாயிறு இரண்டு மணிக்குப் போனேன். பாய்லரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான் மாரிஸ்.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“நீ வாய மூடிட்டுப் போன அன்னிக்கு. காரணம் இல்லாமத் தோக்கற ஆளா நீ? வீட்டுக்குப் போய் அவ வர்ற இடம் எல்லாத்தையும் திரும்பப் போட்டுப் பாத்தேன். எங்கண்ணனுக்கும் இதே கைதான். முதல்லயே தெரிஞ்சிருக்கணும் எனக்கு.” தலையைத் தூக்கவில்லை அவன். “உன்ன ஜெயிக்கிறதுலயே குறியா இருந்துட்டேன்.”

“தெரிஞ்சப்புறம் ஒரு ஃபோன் பண்றதுக்கென்ன? ஒரு மாசம்டா.”

“பண்ணா பேச வேண்டி வரும். பேசினா நீயே வாயத் தெறந்து சொல்லிட்ட மாதிரி ஆயிடும்.”

அது நியாயம்தான். நியாயம் என்பதாலேயே இன்னும் கோபம் வந்தது. இரண்டு சர்க்கரை போட்டு, பாலைக் கடைசியில் ஊற்றி, எனக்குப் பிடித்த மாதிரியே கலக்கி நீட்டினான். நான் உடனே வாங்கவில்லை. அவனும் கையை இறக்கவில்லை. தம்ளர் கனக்க, அவன் கை லேசாக நடுங்கத் தொடங்கியது.

வாங்கிக்கொண்டேன்.