பீரோவில் தேய்ந்த கார்டு

என் நாத்தனார் வாசல்ல தலையைக் காட்டினாலே போதும், என் மகள் ஓடிப்போய் ஒட்டிக்குவா. அது எனக்கு ஆகாது. மறைக்க என்ன இருக்கு, பொறாமைதான்.

போன வருஷம் மகளோட பதிமூணாவது பிறந்தநாளுக்கு, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல ரெண்டு வாரம் கூடுதலா வேலை பார்த்து ஒரு மழைக்கோட்டு வாங்கினேன். நல்லா இருக்கும்மான்னு சொல்லி நாற்காலி மேல போட்டா. சாயங்காலம் நாத்தனார் வந்தா. தங்க நிற உறைக்குள்ள ஐயாயிரத்துக்கு ஒரு கிஃப்ட் கார்டு. மகள் குதிச்ச குதியில கீழ்வீட்டுக்காரர் மேல ஏறி வந்துட்டார். எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது.

கிளம்பும்போது வாசல்ல என்கிட்ட மட்டும் சொன்னா: "அண்ணி, ஆறு மாசத்துக்குள்ள ஏதாவது வாங்கிடுங்க. சும்மா வெச்சிருந்தா மாசாமாசம் அதுலேர்ந்து காசு பிடிச்சுக்குவாங்க. வருஷம் தாண்டினா செல்லாது."

கொடுத்தது பத்தாதுன்னு பாடம் வேற. தலையை ஆட்டி வெச்சேன். அன்னிக்கே கார்டை வாங்கிப் பீரோவுல போர்வைக்கு அடியில சொருகினேன். பத்திரமா இருக்கட்டும்னு மகள்கிட்ட சொன்னேன். அத்தை வாங்கித் தந்ததுன்னு தினமும் என் கண்ணு முன்னாடி ஒண்ணைப் போட்டுக்கிட்டுத் திரிவாளே, அதைப் பார்க்க என்னால முடியாது. அவ கேட்டப்பல்லாம் ஒரு சாக்குச் சொன்னேன்.

இந்த மாசம் பள்ளிக்கூட ஓட்டப்பந்தய அணியில அவளுக்கு இடம் கிடைச்சுது. பழைய ஷூ வாயைப் பொளந்துக்கிட்டு நின்னுது. வேற வழியில்லாம கார்டை எடுத்தேன். கடையில பச்சைக்கோடு போட்ட ஷூ ஒண்ணை மாட்டிக்கிட்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தா. கல்லாப் பொண்ணு கார்டைத் தேய்ச்சா, மறுபடியும் தேய்ச்சா. அப்புறம் பின்னாடி எறும்பு ஊர்ற மாதிரி இருந்த எழுத்தைப் படிச்சுக் காட்டினா. ஆரம்பத்துலயே ஒரு கட்டணம், ஏழாவது மாசத்துலேர்ந்து மாசாமாசம் ஒரு கட்டணம். மிச்சம் இருந்ததும் போன வாரத்தோட காலாவதியாம். காசாவும் தர மாட்டாங்களாம். மகள் ஷூவைக் கழட்டி, தாளைச் சுத்தி, பெட்டிக்குள்ளயே வெச்சா.

பஸ்ஸுல கேட்டா: "அத்தை தெரிஞ்சேதான் இப்படிப்பட்ட கார்டைக் குடுத்தாங்களாம்மா?"

சொல்லவே வெட்கமா இருக்கு, எனக்கு வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துது. யார் கண்டான்னு சொன்னேன். அவ என் தோள்ல சாஞ்சுக்கிட்டா. அப்படிச் சாஞ்சு எத்தனை நாளாச்சு.

சனிக்கிழமை பந்தயத்துல பழைய ஷூவுக்கு டேப் சுத்திக்கிட்டு ஓடினா. பாதியில அடி பிஞ்சு ஓரமா உட்கார்ந்துட்டா.

மறுநாள் நாத்தனார் வந்தா. அணியில இடம் கிடைச்சதைக் கேள்விப்பட்டு, புது ஷூவுக்கு ஆகட்டும்னு வெள்ளை சாக்ஸ் வாங்கிட்டு வந்திருந்தா. மகள் எழுந்திருக்கவே இல்லை, என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தா. உங்க கார்டு செல்லலை, இனிமே எதுவும் வேண்டாம்னு முகத்தைத் திருப்பிக்கிட்டா.

நாத்தனார் என்னைப் பார்த்தா. அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. புரிஞ்சது எனக்கும் தெரிஞ்சுது. ஆனா என்னைக் காட்டிக்கொடுக்கலை. "தப்பு என்னோடதுதான் கண்ணு"ன்னு சொல்லிட்டு சாக்ஸை மேஜை மேல வெச்சா.

அதுலயும் அவளே ஜெயிக்கணுமா?

"அத்தை அன்னிக்கே என்கிட்ட சொன்னா. நான்தான் வேணும்னே பூட்டி வெச்சேன்"னேன்.

மகள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தா. அப்புறம் எழுந்து போய் அத்தை பக்கத்துல உட்கார்ந்தா.