ஒன்னி பிடிக்கும் கை

ஒன்னிக்கு இரண்டரை வயது. அவன் பிறந்ததிலிருந்து அம்மா ஹன்னெலே, அவன் அக்கா வில்யாவின் பக்கம் முழுதாகத் திரும்பியதே இல்லை. வில்யா காய்ச்சலில் கிடந்த அன்றுகூட வேலைக்குப் போனவள், இன்று அவனுக்காக லீவு போட்டிருந்தாள்.

பதினாலு வயது வில்யாவுக்கு இருந்த ஒரே பெருமை, எது வேண்டுமானாலும் தம்பி அவள் கையைத்தான் வந்து பிடிப்பான், அம்மாவின் கையை அல்ல என்பதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் பனிச்சாலையில் அரைநாள் போக வேண்டும். அதனால் சமையலறை மேஜையில் லேப்டாப். திரையில் ரீத்தா, குழந்தைகளுக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறவர்.

"அவனுக்குப் பிடிச்ச எதையாவது எட்டாத இடத்துல வைங்க ஹன்னெலே. வெச்சுட்டு சும்மா இருங்க."

அம்மா புளூபெரி ஜூஸ் டப்பாவை ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். ஒன்னி அவளைத் தாண்டி வந்து வில்யாவின் விரல்களைப் பற்றி இழுத்தான்.

"பாத்தியாம்மா? உன்னக் கண்டுக்கவே இல்ல!"

"போடி, பெரிய மகாராணி."

"எப்பவும் உன்கிட்டதான் வருவானா வில்யா?" என்றார் ரீத்தா.

"எப்பவும். நான்னா அவனுக்கு உசிரு."

"கையப் பிடிக்கும்போது உன் முகத்தப் பாப்பானா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். கேமராவுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. ஒன்னி அவள் கையைத் தூக்கி ஜூஸை நோக்கி ஆட்டினான், ஏதோ கொக்கிக் கம்பை ஆட்டுவது போல. கண் டப்பாவை விட்டு அகலவில்லை. வில்யா திரையின் பக்கம் திரும்பினாள்.

"இல்ல. ஒரு தடவகூடப் பாத்ததில்ல."

அம்மா மெல்லச் சொன்னாள்: "உன் கையயாவது பிடிக்கிறானேன்னு எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமாடி?"

"என்மேலயா!"

"நீ சொன்னது ரொம்ப முக்கியம் வில்யா," என்றார் ரீத்தா. "இத வெச்சு மட்டும் முடிவு பண்ண மாட்டேன், இன்னும் பாக்கணும். இப்போ எடுத்துக் குடுக்காத. அவன் கண்ணுக்கு நேரா உக்காந்து காத்திரு."

வில்யா தரையில் உட்கார்ந்தாள். ஒன்னி இழுத்தான், வீறிட்டான், கையை உதறினான். பிறகு போய் அம்மாவின் கையைப் பிடித்தான்.

அவளையும் அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மாவுக்கு அது தெரியும். இருந்தும் அவள் முகம் விளக்கேற்றியது போலானது. அவளது மறு கை தானாக ஃபிரிட்ஜின் மேலே போனது.

"குடுக்காதம்மா!" என்றாள் வில்யா.

ரீத்தா சொன்னதற்காகத்தான் அப்படிச் சொன்னாள் என்று அவளாலேயே சத்தியம் செய்ய முடியவில்லை.