கட் என்று சொன்ன சகாயம்மாள்

இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலிருந்து, திருமுல்லைவாயில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் குடியிருந்த சகாயம்மாள் 'கட்' என்று சொன்னால், பக்கத்தில் ஏதாவது ஒன்று துண்டானது. எது துண்டாகும் என்பது அவள் கையில் இல்லை. அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் எத்தனை பொருள் உண்டோ அத்தனையில் ஏதோ ஒன்று நடக்கும். அவள் மனத்தில் நினைத்த பொருள் மட்டும் ஒருபோதும் நடக்காது. அந்தத் தெருவில் இருபத்தேழு வீடுகள். இதில் இருபத்தேழு வீட்டாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது.

அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கணவன் பிரகாசம் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டினான். ஒரே மகள் ஷாரன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்தாள். சகாயம்மாள் அம்பத்தூர் எஸ்டேட்டில், சண்முகசுந்தரம் என்பவரின் பட்டறையில் பதினோரு வருடமாக பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். கார் சீட்டுக்கு அடியில் பொருத்துகிற தகடுகளை அடிக்கும் வேலை. தகட்டை உள்ளே வைத்துக் காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கும். ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவை இறங்கும். கை உள்ளே இருந்தால் இறங்காமல் தடுக்க ஒரு சென்சார் வைத்திருப்பார்கள். அது அடிக்கடி மெஷினை நிறுத்திவிடுகிறது, உருப்படி குறைகிறது என்று சொல்லி சண்முகசுந்தரம் அதன் வயரை கட் பண்ணச் சொல்லி, முனையில் கறுப்பு டேப் சுற்றவைத்திருந்தார். ஆறு மெஷினிலும் அப்படித்தான்.

ஆகஸ்டு பதினேழாம் தேதி காலை பத்தேகாலுக்கு ஒரு தகடு உள்ளே சிக்கிக்கொண்டது. அதை எடுக்கக் கையை விடும்போது, மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன் ஜேம்ஸைப் பார்த்து சகாயம்மாள் 'கட்' என்றாள். கரண்டை நிறுத்து என்பதற்குப் பட்டறையில் அப்படித்தான் சொல்வார்கள். ஜேம்ஸ் காதில் விழவில்லை என்று பிற்பாடு எழுதிக்கொண்டார்கள். மெஷின் காதில் விழுந்தது. அது அந்தச் சொல்லை வேறு பொருளில் எடுத்துக்கொண்டது. வலது கையில் மூன்று விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கட்டு பிரித்தார்கள், மறுபடி போட்டார்கள். கட்டு என்று முழுதாகச் சொன்னபோதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் இருக்கும் உகரம் அந்தச் சொல்லைப் பிடித்து வைத்திருந்தது போலும். ஒன்பதாம் நாள், தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தவள் டாக்டர் வருவதைப் பார்த்து, அப்புறம் பேசுகிறேன், கட் பண்றேன் என்றாள். போன் கட் ஆகவில்லை. தங்கை தொடர்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். ஆனால் அந்த வார்டில் கால் உடைந்து, காலைத் தூக்கித் தொங்கவிட்டிருந்த மூன்று பேரின் கயிறுகளும் ஒரே நேரத்தில் அறுந்தன.

வீட்டுக்கு வந்தபின் ஷாரனிடம் டிவியை கட் பண்ணச் சொன்னாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. மாடி வீட்டுக் கண்ணம்மா துணி காயப்போட்டிருந்த கொடி அறுந்து, போர்வையெல்லாம் சாக்கடையில் விழுந்தது. வெங்காயம் கட் பண்ணித் தரச் சொன்னாள். தெருவுக்கு வருகிற தண்ணீர் இரண்டு நாள் நின்றுபோனது. பிரகாசத்தைப் பார்த்து, முடி கட் பண்ணிக்கொண்டு வரக் கூடாதா என்றாள். அன்று மாலை ஆட்டோ ஸ்டாண்டு பட்டியலில் அவன் பெயர் இல்லை. யார் எடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஐந்து வாரம் அலைந்து மறுபடி சேர்த்துக்கொண்டான்.

இதையெல்லாம் தற்செயல் என்று சொல்ல அந்த வருடம் டிசம்பர் வரைக்கும் ஆட்கள் இருந்தார்கள். டிசம்பரில் கோவில்பதாகையில் பிரகாசத்தின் தம்பி ரிச்சர்டு வீட்டில் பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தது. மெழுகுவர்த்தியை ஊதிவிட்டுக் குழந்தை கத்தியோடு விழித்தபோது, சகாயம்மாள் ஆசையில் தன்னை மறந்து, கட் பண்ணு கண்ணு என்றாள். கத்தி ரப்பரில் பட்டதுபோல் கேக்கின் மேல் நின்றுவிட்டது. அந்த நேரத்தில் ஒரே தட்டில் மிக்சர் தின்றுகொண்டிருந்த அண்ணனும் தம்பியும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். சண்டை இல்லை, ஒரு வார்த்தை தடிக்கவில்லை. ஒருவன் வாசலுக்குப் போனான், மற்றவன் உள்ளறைக்குப் போனான். இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது. ஏன் என்று கேட்டால் இருவருக்கும் காரணம் தெரியவில்லை.

அன்றோடு சகாயம்மாள் அந்தச் சொல்லை விட்டாள். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதைச் சொல்கிறாள் என்பது விட்ட பிறகுதான் தெரிந்தது. கரண்டு போனால் போச்சு என்றாள். காய் நறுக்கினாள், துணி கத்தரித்தாள். போனை எப்போதும் எதிராளியே வைக்கும்படி விட்டாள். ஸ்டேஷனுக்குக் குறுக்கு வழி, உடைத்துப் போடும் மாத்திரைக்குப் பாதி மாத்திரை, வகுப்புக்குப் போகாத பிள்ளைக்கு ஊர்சுற்றி என்று வேறு வேறு சொற்களைப் பிடித்துவைத்தாள். எந்த நேரத்திலும் வாயில் வந்துவிடும் என்ற பயத்தில் பேச்சே குறைந்தது. ஜெபக்கூட்டத்தில் மற்றவர்கள் அல்லேலூயா சொன்னபோதும் உதட்டை மட்டும் அசைத்தாள். பங்குத்தந்தை தலையில் கை வைத்து ஜெபித்தார். காது மூக்கு தொண்டை டாக்டர் தொண்டையில் கோளாறு ஒன்றுமில்லை என்றார். சேக்காட்டிலிருந்து ஒருவன் தன் குடிப்பழக்கத்தை ஒரு வார்த்தையில் முடித்துவைக்கச் சொல்லி அவள் வாசலில் வந்து உட்கார்ந்தான். அவள் சோறு போட்டு அனுப்பினாள். ஒரு கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரர்களின் கட்-அவுட் வரிசைக்கு எதிரில் நின்று அதன் பெயரை மட்டும் சொன்னால் போதும் என்று கேட்டுப் பார்த்தார். அவரை பிரகாசம் துரத்திவிட்டான்.

சண்முகசுந்தரம் கெட்ட பெயர் எடுக்க விரும்பாத மனிதர். ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டார். சென்சார் சரியாக இருந்தது, தன் அஜாக்கிரதையால் நடந்தது என்று எழுதிய காகிதத்தில் அவளிடம் இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டார். இடது கையால் செய்யக்கூடிய பேக்கிங் வேலையும் கொடுத்தார். அதில் பழைய சம்பளத்தில் பாதிதான் வந்தது. அடுத்த வருடம் ஜூனில், ஷாரன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அதே பட்டறையில், நாலாம் நம்பர் பிரஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தாள். இதையும் சண்முகசுந்தரம் உதவியாகத்தான் செய்தார்.

முதல் நாள் காலையில் மகள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது சகாயம்மாள் கேட்டாள்.

"அந்த மெஷின்ல சென்சார் கீதா?"

"டேப் சுத்தி கீதும்மா."

"அப்ப போவாத."

"போவலன்னா இன்னா பண்றது? நீ பாத்த வேலதான. நான் பாத்து ஓட்டுறேன்."

"நானும் பாத்துதான் ஓட்டுனேன்."

ஷாரன் செருப்பை மாட்டினாள். தாயும் மகளும் ஒரே ரயிலில் போய், ஒரே ரயிலில் வந்தார்கள். பகல் முழுக்க சகாயம்மாள் தகடுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டே நாலாம் நம்பர் மெஷினின் சத்தத்தை மட்டும் கேட்டாள். ஆறு மெஷின் ஓடும் இரைச்சலில் அதை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்க அவளால் முடிந்தது. அது ஒரு அடி தாமதித்தால் பெட்டியைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். இப்படி இருபது மாதம் ஓடியது.

இரண்டாயிரத்து இருபத்து நாலு பிப்ரவரியில், ரெனிதா என்கிற பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு ஆறாம் நம்பர் மெஷினில் மணிக்கட்டோடு கை போனது. அவள் மாமன் ஒருவர் கோர்ட்டில் வேலை பார்த்ததால் புகார் அமுங்காமல் நின்றது. விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். ஆர்டர் நெருக்கடி என்று சண்முகசுந்தரம் கேட்டுக்கொண்டதால் மெஷின்களை நிறுத்தாமலே விசாரித்தார். ஆபீஸ் அறையில் ஒவ்வொருவராகப் போய், சென்சார் நல்லபடி இருந்தது, அன்றைக்கு மட்டும் வயர் கழன்றிருந்தது என்று ஒரே மாதிரி சொல்லிவிட்டு வந்தார்கள். ஜேம்ஸும் அப்படியே சொல்லிவிட்டு வெளியே வந்து ஓரமாக நின்றான். கடைசியில் சகாயம்மாளைக் கூப்பிட்டார்கள்.

அவள் அறை வாசலில் நின்றாள். அங்கிருந்து நாலாம் நம்பர் மெஷின் தெரியும். அதிகாரி, வயர் தானாகக் கழன்றதா என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நாலாம் நம்பர் சத்தம் ஒரு அடி தவறியது. திரும்பிப் பார்த்தாள். தகடு சிக்கியிருந்தது. ஷாரன் வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டிருந்தாள். கால் பெடல் மேலேயே இருந்தது. அச்சு மேலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தது.

அந்த ஒரு நொடியில் தான் செய்ததைச் சகாயம்மாள் பின்னாளில் கண்ணம்மாவிடம் மட்டும் சொன்னாள். தான் நினைத்தது நடக்காது என்று அவளுக்குத் தெரியும். மெஷின் நிற்கட்டும் என்று நினைத்துச் சொன்னால் மெஷின் நிற்காது. அதனால் நடக்கக் கூடாததை நினைத்தாள். தன் மகளின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுவதை, அந்த ரத்தத்தை, பெற்றவள் நினைக்கவே கூடாத அதை, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு முழுதாக நினைத்தாள். நினைத்தபடியே சொன்னாள்.

"கட்."

அச்சு, கைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. ஷாரன் கையை வெளியே எடுத்தாள். கை முழுதாக இருந்தது. கரண்டு இருந்தது, விளக்கெல்லாம் எரிந்தது, மற்ற மெஷின்கள் ஓடின. எது கட் ஆனது என்று யாருக்கும் விளங்கவில்லை. ஷாரன் மெஷினைப் பார்த்தாள், தன் கிரீஸ் படிந்த உடையைப் பார்த்தாள். தான் ஏன் இங்கே நிற்கிறோம் என்று தெரியாதவள் போலப் பட்டறையைச் சுற்றிப் பார்த்தாள். ஆபீஸ் அறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழும் பெண்ணிடம் அவள் பார்வை வந்து, நிற்காமல் தாண்டிப் போனது. பிறகு ஜேம்ஸிடம் வந்தாள்.

"அண்ணே, யாரு அவங்க? இன்னாத்துக்கு அழுவுறாங்க?"

ஷாரன் பையை எடுத்துக்கொண்டு, கேட்டைத் திறந்து, வெயிலில் இறங்கிப் போய்விட்டாள். அவள் போவதைக் கடைசிவரை பார்த்துவிட்டு ஜேம்ஸ் ஆபீஸ் அறைக்குள் வந்தான்.

"சார், ஆறு மெஷின்லயும் வயர கட் பண்ணது நான்தான். மொதலாளி சொல்லித்தான் பண்ணேன்" என்றான். சகாயம்மாள் பக்கம் திரும்பினான். "அன்னிக்கு நீ சொன்னது எனக்கு கேட்டுச்சுக்கா. மெயின நிறுத்துனா ஆறும் நின்னுடும், திட்டுவாங்கன்னு சும்மா இருந்துட்டேன்."

சகாயம்மாள் அவனைப் பார்க்கவில்லை. கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்சார் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது என்று அதிகாரி எழுதினார். யாரால் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. பட்டறையை இரண்டு மாதம் மூடிவைத்தார்கள். பிறகு அது வேறு பெயரில் திருமழிசைப் பக்கம் திறந்தது. அங்கே சென்சார் வேலை செய்கிறது என்று சொல்கிறார்கள். ஜேம்ஸை வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. ரெனிதாவின் வழக்கு நடக்கிறது.

ஷாரனுக்கு அப்பாவைத் தெரிந்தது. தெரு தெரிந்தது, படித்த பள்ளி தெரிந்தது, ஐந்து வயதில் வந்த அம்மை கூட ஞாபகம் இருந்தது. அம்மா மட்டும் இல்லை. அன்று பட்டறையிலிருந்து நேராக கோவில்பதாகைக்கு, சித்தப்பா ரிச்சர்டு வீட்டுக்குப் போனவள், தெரியாத ஒரு பெண் இருக்கிற வீட்டுக்கு வரமாட்டேன் என்று அங்கேயே தங்கிவிட்டாள். பிரகாசம், சின்ன வயதில் அவள் முதல்முறை நற்கருணை வாங்கியபோது எடுத்த புது நன்மை போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டினான். தம்பியோடு பேச்சில்லாததால் கேட்டுக்கு வெளியே நின்றே காட்டினான். அவள் தன்னையும் அப்பாவையும் அடையாளம் சொன்னாள். நடுவில் நிற்பவள் யார் என்று கேட்டாள். சொன்னார்கள். வேறு யாரோ வீட்டுத் துக்கத்தைக் கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள், அந்த முகம் மட்டும் அவள் மனத்தில் நிற்கவில்லை. டாக்டரிடம் காட்டினார்கள், பூசை வைத்தார்கள். நாலு மாதம் கழித்து, போதும், பிள்ளையை விடுங்கள் என்று சகாயம்மாளே சொல்லிவிட்டாள். அந்த வருடமே ஷாரன் விட்ட படிப்பில் மறுபடி சேர்ந்து, அடுத்த வருடம் முடித்தாள். இப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் மெஷின் படம் வரைகிறாள்.

அந்தச் சொல் அதற்குப் பிறகு சகாயம்மாளிடம் ஒன்றும் செய்வதில்லை. டிவியை கட் பண்ணு என்றால் டிவி நிற்கிறது.

அவள் அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போகிறாள். காலை எட்டு நாற்பது ரயிலில் திருமுல்லைவாயிலில் ஏறுகிறாள். ஆவடியில் ஏறிய ஷாரன் அதே பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். அடுத்த ஸ்டேஷன் அம்பத்தூர், இடையில் நாலு நிமிடம். ஆரம்பத்தில் சகாயம்மாள் கதவோரம் நின்றே பார்த்துக்கொண்டு போனாள். போன ஜனவரியில் ஒருநாள் எதிரில் இடம் கிடைத்தது. மண்டபத்தில் முந்தின நாள் கொடுத்த கமலா ஆரஞ்சு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, இரண்டு விரலால் தோலோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"குடுங்க ஆன்ட்டி, நான் உரிச்சுத் தரேன்" என்றாள் ஷாரன்.

வாங்கி, நகத்தால் தோலைக் கிள்ளி, நாரெல்லாம் எடுத்து, சுளை சுளையாக அவள் இடது உள்ளங்கையில் வைத்தாள். கைக்கு என்ன ஆனது என்று கேட்டாள். மெஷின்ல போச்சும்மா என்றாள் சகாயம்மாள். ஷாரன் உச்சுக்கொட்டினாள்.

இப்போது சகாயம்மாள் தினமும் ஸ்டேஷன் வாசலில் ஒரு பழம் வாங்கிக்கொண்டு ஏறுகிறாள். ஆரஞ்சு வராத மாதங்களில் சாத்துக்குடி வாங்குகிறாள். அதன் தோல் தடிப்பு, அம்பத்தூர் வருவதற்குள் பாதிதான் உரிக்க முடியும். மீதியை ஷாரன் அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போகிறாள்.