வத்தேகம நூல்

றஜிதாவுக்கு மீசை இருந்தது. பூனைமயிர் என்று தட்டிவிடக்கூடிய மீசை இல்லை. வெயிலில் நின்றாளென்றால் தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கும் தெரியும். வாய்க்குக் கீழே நாடியிலும் சுருண்டு சுருண்டு சில மயிர்கள். இவ்வளவையும் முகத்தில் வைத்துக்கொண்டு, பேராதனையில் உதவி விரிவுரையாளர் வேலை கிடைத்து, கட்டுகஸ்தோட்டையில் எங்கள் மேல்மாடிக்கு வாடகைக்கு வந்தாள் அந்தப் பெட்டை. வந்த அன்றே என் மனிசனோடு விறாந்தையில் இருந்து கதைத்து, வாயைப் பொத்தாமல் சிரித்தாள்.

வாயைப் பொத்தாமல்! நான் சிரித்தால் கை தானாக எழும்பி நாடியை மூடிக்கொள்ளும்.

"நல்ல தெளிவான பிள்ளை" என்றார் என் கணவர் நவரட்ணராஜா. "முகத்திலை ஒரு வெளிச்சம் இருக்கு, என்ன?"

அவர் கணித வாத்தியார். ஆட்களைப் பாராட்டிப் பழக்கமில்லாதவர். நான் வேர்க்க விறுவிறுக்கச் சமைத்த கணவாய்க் கறிக்கே "பரவாயில்லை" என்பதோடு முடித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்தால் கண்ணாடி தலைக்கு ஏறிவிடும். சோதனைத் தாள் திருத்தத்தான் கண்ணுக்கு இறங்கும். அப்படிப்பட்ட மனிசன் ஒரு மீசைக்காரியின் முகத்தில் வெளிச்சத்தைக் கண்டுபிடித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் எனக்கும் அதே மீசை, அதே நாடி. பதினாறு வயதிலிருந்து இருக்கிறது. ஹோர்மோன் என்றார் டொக்டர். ஆபத்தில்லை, விருப்பமென்றால் எடுக்கலாம், விருப்பமில்லையென்றால் விடலாம் என்றார். விருப்பமாம்! கலியாணமான நாளிலிருந்து காலையில் இவர் எழும்ப முன்னம் குளியலறைக்குள் புகுந்து பூட்டிக்கொண்டு, சாவணத்தால் ஒவ்வொன்றாய்ப் பிடுங்குகிறேன். அந்தச் சாவணம் மாதவிடாய்ப் பஞ்சுப் பக்கற்றுக்குள் இருக்கிறது. அதற்குள் இந்த மனிசன் சீவியத்துக்கும் கை வைக்க மாட்டார்.

அதோடு போதாது என்று வத்தேகமையில் பஸீஹாவிடம் போய், முகத்து மயிர் எடுக்க நூல் போடுவேன். கண்டி டவுணில் எத்தனையோ பியூட்டி பாலர் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் இவருடைய மாணவர்களின் தாய்மார் வரிசையில் இருப்பார்கள். கலியாணமான புதிதில் ஒரு நாள் வெளிக்கிடும்போது இவர் எங்கே என்று கேட்க, வாய் தடுமாறி "வத்தேகமைக்கு, நூலுக்கு" என்று சொல்லிவிட்டேன். முடிந்தது கதை. அவருடைய தாயார் கோயிலில் நூல் கட்டுவித்து விடுகிற ஆள். மருமகளும் அப்படித்தான் என்று மனிசனுக்குப் பெரிய சந்தோசம். நானும் விட்டுவிட்டேன். இத்தனை காலத்தில் ஒரு தரமாவது என் கையைப் பார்த்து, எங்கே அந்த நூல் என்று கேட்டாரா? கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்க, றஜிதா வந்து கதிரையில் இருந்தாள். வழக்கமான சிரிப்பு இல்லை.

"அக்கா, ஒண்டு கேக்கலாமோ? அடுத்த கிழமை வெளிநாட்டு ஸ்கொலர்ஷிப் இன்ரவியூ. சித்தி போன் எடுத்து, மீசையை எடுக்காமல் போகாதை எண்டு நிக்கிறா. எடுக்கிறதோ விடுறதோ எண்டு எனக்கே தெரியேல்லை. கிறீம் பூசினால் தோல் சிவக்குமாம். ஷேவ் பண்ணினால் தடிப்பா வருமெண்டது சும்மா கதையாம், ஆனாலும் பயமாக் கிடக்கு. லேசர் எண்டால் பல தரம் போகோணும். நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

"ஆரிட்டை கேக்கிறதெண்டும் தெரியேல்லை. எனக்கு மட்டும்தான் இப்பிடியோ எண்டு சில நேரம் யோசிப்பன்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் எடுத்தாளென்றால் என்னைவிட வடிவாகிவிடுவாள். எடுக்காமல் விட்டாளென்றால் என்னைவிடத் துணிந்தவள். எந்தப் பக்கம் போனாலும் எரியப்போவது என் வயிறுதான். இனி இவளிடம் வாயை விட்டு, அவள் விறாந்தையில் இருந்து மனிசனிடம் உளறிவிட்டால்? என் குடும்பமே குளியலறைப் பூட்டில்தான் நிற்கிறது என்று நினைத்திருந்த காலம் அது.

"எனக்கு உதுகளைப் பற்றி என்ன தெரியும் பிள்ளை? எனக்குப் பிறவியிலேயே உது இல்லை" என்றேன்.

அந்த நேரம் பார்த்து இவர் தேத்தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். இன்ரவியூ என்ற சொல் மட்டும் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"இன்ரவியூவோ? அப்ப யசோதாவோடை வத்தேகமைக்குப் போம். அவ நூலுக்குப் போறவ. உமக்கும் ஒண்டு கட்டட்டும்."

"ஓம், வாறன்" என்று அந்தப் பெட்டை உடனே எழும்பிவிட்டாள்.

பஸ் மடவளையைத் தாண்டும் வரைக்கும் என்ன செய்வதென்று யோசித்தேன். வத்தேகமையில் கோயில் எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியாது. இறங்கி, ஆரையாவது கேட்டு, ஒரு ஐயரைப் பிடித்து நூலைக் கட்டுவித்து, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவது என்று முடிவெடுத்தேன். இறங்கியதுதான் தாமதம், சந்தைப் பக்கம் மரக்கறிப் பையோடு பஸீஹா நின்றாள். பஸீஹாவுக்கு மெல்லக் கதைக்கத் தெரியாது.

"அல்லாஹ், யசோதா அக்கா! இந்த முற லேட்டாகிட்டீங்களே. நாடியெல்லாம் மொளச்சீக்கும். வாங்க, மீசையும் சேத்து எடுத்துடுவோம்!"

கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற கிழவரும் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போல இருந்தது.

றஜிதா என் நாடியைப் பார்த்தாள். சிரிப்பாளோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"உங்களுக்குமோ, அக்கா?" என்றாள். "நான் தனி ஆளெண்டு நினைச்சு அழுதனான். நீங்கள் பக்கத்திலை நிண்டு வெங்காயம் உரிச்சனீங்கள்."

"வாரும், வெயிலுக்கை நிண்டு கதைக்காமல்" என்று பஸீஹாவின் பாலருக்குக் கூட்டிக்கொண்டு ஏறினேன்.

அங்கே றஜிதா ஒரு பாட்டம் விசாரணை வைத்தாள். வக்ஸ் என்றால் என்ன, நூல் என்றால் என்ன, எத்தனை நாளில் திரும்ப வரும், பரு வருமா. பஸீஹா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, கடைசியில், "எடுத்துத்தான் ஆகணும்னு ஒண்டும் இல்ல தங்கச்சி. ஒங்கட மொகம். என்ன வேணும்னு செல்லுங்க, செய்றேன்" என்றாள்.

றஜிதா கண்ணாடியில் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"நாடியிலை கிடக்கிறது எனக்குப் பிடிக்கேல்லை. அதை எடுங்கோ. மீசை இருக்கட்டும். அது என்ர அம்மாவிட்டை இருந்து வந்தது."

பாருங்கள்! இது வேண்டும், இது வேண்டாம் என்று கடையில் சீத்தைத் துணி பார்ப்பது போல அவள் தன் முகத்தில் தெரிந்தெடுக்கிறாள். எனக்கு அப்படி ஒரு வழி இருக்கிறதென்றே இவ்வளவு காலமும் தோன்றவில்லை. நான் எதையும் தெரிந்தெடுக்கவில்லை; கண்டதையெல்லாம் பிடுங்கினேன். பொறாமையில் எனக்குக் கண்ணே மங்கியது. நூல் இழுக்க இழுக்க அவள் "ஐயோ, நோகுது!" என்று ஊர் கேட்கக் கத்தியதிலும் எனக்குப் பொறாமைதான்.

என்னுடைய முறை வந்தபோது, அவளுக்கு முன்னால் அந்தக் கதிரையில் ஏற மனம் வரவில்லை. "இண்டைக்கு வேண்டாம்" என்றேன். வெளிக்கிடும்போது றஜிதா பஸீஹாவிடம் நூலில் ஒரு துண்டு வாங்கிக் கையில் கட்டிக்கொண்டாள்.

"வீட்டிலை சேர் கேட்டால் காட்ட வேணுமே, அக்கா. நான் சொல்ல மாட்டன்."

அந்த நல்ல குணமும் அவளுக்கே வாய்த்திருக்கிறது. என்ன செய்வது?

வீட்டுக்கு வந்தால் மனிசன் விறாந்தையில். நூலைப் பார்த்து, "கட்டியாச்சோ? நல்லது" என்றார். றஜிதா மேலே போய்விட்டாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவவின்ர முகத்தைப் பாத்தீங்களோ? ஏதும் வித்தியாசம் தெரியேல்லையோ?"

"களைச்சுப் போனா. பஸ்ஸிலை சனமோ?"

"நாடி மயிர் எடுத்திட்டா!"

"எந்த மயிர்?"

"எந்த மயிரோ? நாடியிலை கிடந்தது! மீசை கூடக் கிடக்கு, இப்பவும் கிடக்கு!"

"அந்தப் பிள்ளைக்கு மீசையோ?" என்றார். நடிக்கவில்லை. இந்த மனிசனுக்கு நடிக்கத் தெரியாது.

எத்தனை மாதமாக முன்னால் இருந்து கதைத்தவர்! இந்தக் கண்ணுக்குப் பயந்தா நான் இத்தனை வருசமும் விடிய முன்னம் எழும்பிக் கதவைப் பூட்டினேன்? எனக்கு வந்த கோபத்தில் மிச்சமும் வெளியே வந்துவிட்டது.

"எனக்கும்தான் மீசை! எனக்கும்தான் நாடியிலை! வத்தேகமை நூல் கையிலை கட்டுற நூல் இல்லை, முகத்திலை போடுற நூல்! விளங்கிச்சோ?"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையில் கிடந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். எழும்பி வந்து, என் நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். நான் கையால் மூடப் போனேன். மெல்ல அந்தக் கையை விலத்திவிட்டார். சோதனைத் தாளில் ஒரு கணக்கு எங்கே பிழைத்ததென்று தேடுகிறவர் மாதிரிப் பார்த்துக்கொண்டே நின்றார். கலியாணமான நாளிலிருந்து அவர் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

பெருவிரலால் அந்த மயிரைத் தொட்டார்.

"இதைப் பிடுங்கேக்கை நோகுமே?"

ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நானும் என்னிடம் கேட்டதில்லை.

"ஓம்," என்றேன். "நோகும்."

அவர் கையை எடுக்கவில்லை. மேல்மாடியில் றஜிதா ஆருடனோ போனில் பெரிதாகச் சிரிப்பது கேட்டது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு நானும் அப்படியே நின்றேன்.