விளிம்பு வரை டீ

"அப்பா, உங்க கை ஏன் சும்மாவே இருக்க மாட்டேங்குது?"

ஆறு வயதில், கண்ணாடி வெட்டும் கடையில் எல்லார் முன்னாலும் அவள் கேட்ட கேள்வி. அப்பா வாய் திறக்குமுன் முதலாளியான பெரியப்பா முந்திக்கொண்டார். "உங்கப்பன் காலையிலயே ஏத்திக்கிட்டு வந்துட்டான். இப்ப பாரு வேடிக்கைய." விளிம்பு வரை டீ ஊற்றித் தம்பியின் கையில் கொடுத்தார். டீ சிந்தச் சிந்தக் கடையே சிரித்தது. குடியையே தொடாத மனிதர் அப்பா.

வேலையை விட்டு நிறுத்தும்வரை தினமும் அந்த வேடிக்கை நடந்தது. பெரியம்மா கடையில் இருக்கும் நாட்களில் மட்டும், கதவுக்குப் பின்னால் பாதி டீயைத் தானே மடக்கென்று குடித்துவிட்டு மீதியைத்தான் அப்பாவிடம் நீட்டுவாள். பார்த்துவிட்ட சிறுமியிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டுவாள். இப்போது பெரியம்மா இல்லை.

குடி என்றவர்கள் பிறகு பயம் என்றார்கள், சாபம் என்றார்கள். அவள் வளர்ந்து அப்பாவைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோதுதான் அது ஒரு நோய் என்று மருத்துவர் சொன்னார்.

"மூளையில வர்ற நோய்மா, பரம்பரையா வரும். நூறு வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வச்சிட்டாங்க. அப்புறமும் இது வந்தவங்கள குடிகாரன்னுதான் அடிச்சு விரட்டினாங்க. கூடப்பிறந்தவங்களுக்கு இருக்கலாம். உனக்கும்கூட."

கடைசிச் சொல் அவள் காதில் ஏறவில்லை. பெரியப்பாவிடம் எதையும் சொல்லவுமில்லை. 'கடவுளே, அந்தாளு கையும் இப்படி ஆடணும். நான் பாக்கணும்' என்று மட்டும் தினமும் வேண்டினாள்.

இன்று கூடத்தில் அப்பாவின் உடல் அசையாமல் கிடந்தது. பெரியப்பா முன்வரிசை நாற்காலியில் அமர்ந்து பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "நல்லவன்தான். குடிய மட்டும் விட்டிருந்தா..."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். விளிம்பு வரை ஊற்றினாள்.

"பெரியப்பா, டீ."

"வேணாம்மா."

"சும்மா வாங்கிக்குங்க. எல்லாரும் பாக்கட்டும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா வலது கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டார். அப்பாவும் அப்படித்தான் செருகிக்கொள்வார். வெளியே தெரிந்த இரண்டு விரல்கள் தாமாகவே துள்ளின. அவர் முகத்தில் ஆறு வயதுக் குழந்தையின் பயம் இருந்தது.

அவள் வேண்டியது அப்படியே கிடைத்திருந்தது.

"ரொம்பச் சூடா இருக்கு. ஆத்திட்டு வரேன்" என்றாள்.

சமையலறையில் யாருமில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பாதியை ஒரே மடக்கில் குடித்தாள். நாக்கு பொத்துப்போனது. வாயைத் துடைத்துக்கொண்டு, மீதியை எடுத்துப் போனாள்.